காய்ச்சல் இல்லை என்று எழுதினேன்

சிவகாசி
12.11.2025

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை ஆவுடைத்தாய் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகள் ரோஷினி, சளி பிடித்திருந்ததால் திங்களும் செவ்வாயும் பள்ளிக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் விடுப்பு தந்து உதவ வேண்டுகிறேன்.

காய்ச்சல் உள்ள பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று போன வாரம் டைரியில் எழுதியிருந்தீர்கள். படித்தேன். இவளுக்குக் காய்ச்சல் இல்லை. லேசான இருமல் மட்டும்தான். வெந்நீர் பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஞாபகமாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் அச்சகத்தில் இப்போது காலண்டர் சீசன். நானும் அவளுடைய அப்பாவும் எட்டு மணிக்கே போய்விடுகிறோம். மெஷின் சத்தத்தில் சில நேரம் போன் காதில் விழாது. பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ச. கற்பகம்
(ரோஷினியின் அம்மா)


ஆனைக்குட்டம்
14.11.2025

அன்புள்ள கற்பகம் அம்மா அவர்களுக்கு,

ரோஷினியின் புத்தகப் பையும் டிபன் பாக்ஸும் வகுப்பிலேயே இருந்துவிட்டன. நம் பள்ளி வேன் டிரைவர் ஆண்டிச்சாமி எங்கள் ஊர்க்காரர், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாப்பாவுக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று தலைமையாசிரியை இன்று காலை சொன்னார். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஓடி வந்தபோது இருந்த நிலையில் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர்கள் மறுபடி கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். வாய்ப்பாடு சொன்னாள். பதினொரு மணி இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் வெளியே ஓடிவிட, இவள் மட்டும் பெஞ்சில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி சொக்கினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே போய்ப் போய் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், ஒரு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. என் கணவர் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலையில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. மூச்சை எண்ணுவது எங்கள் வீட்டில் தினசரி வேலை, அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உங்களுக்கு ஆறு தடவை போன் செய்தேன். பிறகு காத்திருக்கவில்லை. ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் என் சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, “சாரி டீச்சர்” என்றாள். அந்த மூச்சுத் திணறலிலும் அது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

இது மழைக்காலத்தில் வருகிற ப்ளூ காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். நிறையப் பேருக்கு ஓய்வும் கஞ்சியும் தண்ணீருமாக ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுமாம். சிலருக்கு மட்டும் நெஞ்சில் இறங்கிவிடுகிறதாம். கிருமிக்கான மருந்தைச் சீக்கிரம் தொடங்கியது நல்லதாயிற்று என்றார். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், ஐந்து நாளும் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். காலையில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்றீர்கள். பதற்றத்தில் மறந்திருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்று குழந்தைகள் தின விழா. நடனத்தில் ரோஷினியின் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கும் தொண்டை கரகரக்கிறது. இரண்டு நாளாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வேலைதான் அது.

பாப்பாவுக்கு என் அன்பு.

தங்கள்,
அ. ஆவுடைத்தாய்


சிவகாசி
19.11.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த டீச்சர் அவர்களுக்கு,

ரோஷினி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று காலை இட்லி ஒன்றரை சாப்பிட்டாள். அரை இட்லிக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த வீட்டில் இது திருவிழா. சாயங்காலம் கட்டிலிலிருந்து குதித்தாள், நான் திட்டினேன். திட்ட முடிந்ததே என்று சமையலறைக்குள் போய் அழுதேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் நான் காலண்டர் தாள்களுக்கு நடுவில், போன் மேஜை டிராயருக்குள் இருக்க, காலண்டர் தலையில் அடிக்கும் தகரப்பட்டி சரியில்லை என்று ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பெற்றவள் நான் அங்கே, தாங்கியவர் நீங்கள்.

வீட்டில் டாக்டர் சொன்னபடியே நடக்கிறோம். அவளுக்குத் தனித் துண்டு, தனித் தம்ளர். ஜன்னலை அடைப்பதே இல்லை. முழங்கையை மடக்கி அதில் இருமச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவள் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவர்தான் முதலில், “ஒரு ஊசியப் போட்டா சரியாப் போகும், எதுக்கு இம்புட்டு நாளு மருந்து?” என்றார். இந்தக் கிருமி வேறு, அந்த ஊசி கேட்கிற கிருமி வேறு என்று டாக்டர் உட்காரவைத்து விளக்கிய பிறகு அடங்கினார். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பள்ளிக்கு அனுப்புவோம். அவசரமில்லை.

நீங்கள் இந்த வாரம் லீவில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ரோஷினி தினமும் கேட்கிறாள். ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

என்றும் நன்றியுடன்,
கற்பகம்


சிவகாசி
27.11.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றதும் இன்று காலை தெருமுனையில் நின்று வேனை மறித்தேன். ஆண்டிச்சாமி அண்ணன் கீழே இறங்கி வந்தார். “டீச்சரம்மா ஊர்ல இல்லம்மா. அவுகளுக்குக் காய்ச்சல் வந்து எந்திரிச்சிட்டாக. ஆனா அய்யாவுக்கு மூச்சு முட்டிப் போச்சு. மதுரை ஆஸ்பத்திரியில வச்சிருக்காக. எட்டு நாளாச்சு” என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். “டீச்சரம்மாவுக்கு உங்க பிள்ளையத் தூக்கிட்டுப் போனாகள்ல, அதுக்கு மூணு நாளு கழிச்சு” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை ஆறரை மணிக்கு ரோஷினிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது. நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சென்னைக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. வீட்டில் அவளோடு இருக்க ஆள் இல்லை. மல்லாங்கிணறில் இருக்கும் என் அம்மாவை வரச் சொல்லியிருக்கலாம், அவர்களும் மறுப்பு சொல்லமாட்டார்கள். ஒரு நாளுக்காக எதற்கு என்று நினைத்தேன். காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, நெற்றி குளிர்ந்ததும் தலை வாரி அனுப்பினேன். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் உங்களுக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். காய்ச்சல் இல்லை என்று எழுதும்போது, இந்த நிமிடம் இல்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் பொய் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள், அதனால் சொன்னேன். உங்கள் கடிதம் வந்த பிறகு டாக்டரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ‘நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வேன்?

நான் அனுப்பாமல் இருந்திருந்தால் நீங்கள் அவளைத் தூக்கியிருக்க வேண்டாம். தூக்கியிருக்காவிட்டால் உங்கள் வீட்டுக்கு அது வந்திருக்காது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அய்யா நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அது ஒன்றைத்தான் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லி நீங்கள் பெரிய மனதோடு ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கற்பகம்


ஆனைக்குட்டம்
09.12.2025

அன்புள்ள கற்பகம் அவர்களுக்கு,

என் கணவர் போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

உங்கள் கடிதத்தை ஆண்டிச்சாமி மதுரைக்கே கொண்டு வந்து கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். மூன்று நாள் அதை வெளியே எடுக்கவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, முக்கால் மணி நேரம் காத்திருந்து தலை வாரி அனுப்பினேன் என்று நீங்கள் எழுதிய வரி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நான்காம் நாள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். “இவருக்கு இந்த வருசம் ப்ளூ தடுப்பூசி போட்டீங்களா?” என்று கேட்டார். ஆகஸ்டிலேயே எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள், இவர் நுரையீரலுக்கு வருடா வருடம் போட வேண்டும் என்றார். காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு தீபாவளி முடியட்டும் என்றேன். ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு எழுதினேனே, தொண்டை கரகரக்கிறது என்று. பாட்டுச் சொல்லிக்கொடுத்ததால் என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். அன்று மாலையும் மறுநாளும் முகக்கவசம் இல்லாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மருந்து கொடுத்தேன். ஊருக்கெல்லாம் டைரியில் எழுதி அனுப்புகிறவள் நான். என் உடம்பு என்று வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் நடந்துகொண்டேன்.

வகுப்பில் மேலும் நான்கு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவர்களில் இரண்டு பேர் ரோஷினிக்கு முன்னாலேயே படுத்துவிட்டார்கள். எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ரோஷினியிடமிருந்துதான் என்று வைத்துக்கொண்டாலும், அன்று பதினொரு மணிக்கு மறுபடி அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நான் நின்றால் வேறு எதுவும் செய்யமாட்டேன்.

வார்டுக்கு மாற்றிய அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பிள்ளை எப்படி இருக்கு?” என்றார். “ஓடியாடுதாம்” என்றேன். “பின்ன என்ன. நீ அதத் தூக்காம விட்டுட்டு வந்திருந்தா, எங்கிட்ட எந்த மூஞ்சியோட வந்து சோறு போட்டிருப்பே?” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “அந்தப் பொண்ணுக்குப் பதில் எழுதுனியா?” என்றார். இல்லை என்றேன். “எழுதிப் போடு. நல்லதோ கெட்டதோ, எழுதுனவுக காத்துக்கிட்டு இருப்பாக” என்றார். அவர் சொல்லியும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

அன்று நீங்கள் செய்தது தவறு. அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. யாரும் கேட்டு வாங்க முடியாத உண்மை அது.

அவர் இப்போது தானாக எழுந்து உட்காருகிறார். பத்தடி நடந்தால் நின்றுவிட வேண்டும். ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் தனியாக விடக்கூடாது என்கிறார்கள். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனான், அவனுக்கும் வேலை இருக்கிறது. எனக்கு லீவு முடிகிறது. அரையாண்டுத் தேர்வோடு நின்றுவிடலாம் என்று இருக்கிறேன். தலைமையாசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை. இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பார்க்க வருவதாக ஆண்டிச்சாமியிடம் சொல்லிவிட்டீர்களாம். இப்போது வேண்டாம். வருகிறவர்களைப் பார்த்தால் அவர் பேச ஆரம்பித்துவிடுகிறார், மூச்சு வாங்குகிறது.

தங்கள்,
ஆவுடைத்தாய்


சிவகாசி
27.12.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

அய்யா வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற முதல் வரியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் மேற்கொண்டு படிக்கவே இல்லை. அதற்கே உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. கோபம் இருந்தது என்று எழுதியதற்கும் நன்றி. அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. சில காரியங்களை முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

எங்கள் பைண்டிங்கில் பத்திரகாளி என்று ஓர் அக்கா இருக்கிறார். இந்த மாதம் முதல் வாரம் தாள் அடுக்கும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. “வீட்டுக்குப் போங்க” என்றேன். “இல்லம்மா, மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். இப்ப விட்டுரும். நான் வேலை பாத்துருவேன்” என்றார். நான் ரோஷினிக்குச் செய்ததை அவர் தனக்கே செய்துகொண்டு வந்திருக்கிறார். எங்களுக்குப் பயந்து. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசினேன். அந்தப் புதன்கிழமை காலை நடந்ததையும் அப்போதுதான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் கத்தவில்லை. “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார். “லோடு போகணும்னு நீங்க சொல்லிருவீகன்னு பயந்தேன்” என்றேன். பிறகு, “சொல்லித்தான் இருப்பேன்” என்றார்.

மறுநாள் அவரே ஆட்களைக் கூப்பிட்டு, காய்ச்சல் வந்தால் முழுக்க விடும்வரை வர வேண்டாம், சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று சொன்னார். ஐந்து பேர் மாறி மாறிப் படுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரவவில்லை. இரண்டு ஆர்டர் நான்கு நாள் தாமதமாகப் போனது. கடைக்காரர்கள் கொஞ்சம் முனகினார்கள், அவ்வளவுதான். காலண்டர் தாமதமானதால் எந்தத் தேதியும் நின்றுபோய்விடவில்லை. ரோஷினிக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் பதினைந்தாம் தேதி தடுப்பூசி போட்டாயிற்று. முழுப் பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

இனி நான் எழுதப்போவது ஒரு வேண்டுகோள். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஜனவரியில் எங்களுக்கு வேலை குறைவு. பள்ளி திறக்கும் நாளிலிருந்து நான் ஸ்கூட்டரில் எட்டு மணிக்கு ஆனைக்குட்டம் வந்துவிடுகிறேன். நீங்கள் வேனில் பள்ளிக்குப் போங்கள். நீங்கள் திரும்பும்வரை அய்யாவோடு நான் இருக்கிறேன். மெஷினை எப்படிப் போடுவது, எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று சொல்லிக் கொடுங்கள், பழகிக்கொள்கிறேன். அவர் தனியாக நடமாடத் தொடங்கும்வரை வருகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டேன். “போயிட்டு வா. இங்கன நான் பாத்துக்கிடுறேன்” என்றார்.

செய்ததற்கு ஈடு கட்ட வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதற்கெல்லாம் ஈடு கிடையாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வேலையை விட்டு நின்றுவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். அந்த வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். இடைவேளையில் ஒரு பிள்ளை வெளியே போகவில்லை என்பதைக் கவனிக்கிற கண் எல்லாருக்கும் இருக்காது. அந்த முப்பத்தொன்றில் ஒன்று என் பிள்ளை. ஆகவே இது என் சுயநலம்தான்.

அய்யாவைப் பேசவைக்கமாட்டேன். நானே பேசிக்கொண்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும்.

பதிலை எதிர்பார்த்து,
கற்பகம்


ஆனைக்குட்டம்
02.01.2026

அன்புள்ள கற்பகம்,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறர் பெண்ணை வந்து காவலிருக்கச் சொல்வதா என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. “நீ பள்ளிக்கூடம் போகாம வீட்டுல இருந்தா, என்னயத்தான் உக்கார வச்சு வாய்ப்பாடு கேப்பே. அந்தப் பொண்ண வரச் சொல்லு” என்றார். மதுரைக்குப் போனதிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தால் எல்லாவற்றையும் காட்டித் தருகிறேன். வருகிற எந்த நாளிலும் தொண்டை சற்றுக் கரகரத்தாலும் வர வேண்டாம், காலையிலேயே ஆண்டிச்சாமியிடம் சொல்லி அனுப்பினால் போதும். நான் ஒரு நாள் லீவு போடுவேன், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வந்ததும் கை கழுவ வேண்டும், இவர் அறைக்குள் முகக்கவசம் வேண்டும். இந்த இரண்டிலும் நான் கண்டிப்பானவள்.

ரோஷினியை ஒரு சனிக்கிழமை கூட்டி வரலாம். தன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன டீச்சரை அவளுக்குத் தெரியும், தாத்தாவை இன்னும் பார்க்கவில்லை என்கிறார் இவர்.

ஒரு விஷயம். வீட்டுக்குள் வந்து போகிறவளை ‘நீங்கள்’ என்று கூப்பிட எனக்கு நாக்கு வளையாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ‘நீ’ என்றுதான் வரும். டீச்சர் என்று ரோஷினி கூப்பிடட்டும். நீ அக்கா என்று கூப்பிடு.

மதியச் சாப்பாடு கொண்டு வராதே. மூன்று பேருக்கும் சேர்த்தே காலையில் சமைத்துவிடுகிறேன். அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. தனியாகச் சாப்பிட்டால் பாதியில் எழுந்துவிடுகிறார்.

அன்புடன்,
அக்கா